மீன்தொட்டிக்கு ‘ஒரு பிடி’ உப்பு என்றால் எத்தனை கிராம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் வண்ணமீன் வளர்ப்பது பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தொட்டியை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், தீனியை அள்ளிக் கொட்டாதீர்கள் என்று சொன்னதெல்லாம் சரி, எளிமையாகவும் இருந்தது. ஆனால் கடைசியில் ஒரு பெட்டி கட்டி, வாரம் ஒரு பிடி கல்லுப்பு போட்டால் மீனுக்கு நோயே அண்டாது என்று போட்டிருந்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். கட்டுரையை மறந்துவிடுவார்கள், பெட்டிச் செய்தியை மறக்க மாட்டார்கள். அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெட்டியை மட்டும் படம்பிடித்துப் போட்டுவிட்டார்கள், கீழே வரிசையாக நன்றிக் கும்பிடு வேறு.

நான் உப்புக்கு எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனுக்கென்றே என் அலமாரியில் ஒரு டப்பா கல்லுப்பு தனியாக இருக்கிறது, அதைவிட மலிவான, நம்பகமான மருந்து மீன் வளர்ப்பில் இல்லை என்றுகூடச் சொல்வேன். மருந்து என்றால் எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றும் இல்லாத மீனுக்கு வாராவாரம் கொடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முதலில் அந்த ‘ஒரு பிடி’. சமையலறைத் தராசில் என் கையால் ஒரு பிடி கல்லுப்பை அள்ளி வைத்தால் முள் 50 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பையன் அள்ளினால் 80-ஐத் தாண்டுகிறது. பக்கத்து வீட்டு ஏழு வயதுக் குழந்தையின் பிடி 20 கிராம் தேறினால் பெரிது. மீனுக்கு ஆசையாக உப்பு போடப் போவது பெரும்பாலும் யார் கை என்பது இருக்கட்டும். போடப்படும் தொட்டி எவ்வளவு பெரியது? அதைப் பற்றி அந்தப் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. நம் வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கீழே கல் பரப்பி, மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டால் உண்மையில் இருக்கும் தண்ணீர் 45 லிட்டர். அதில் 50 கிராம் போட்டால் லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல், அது பரவாயில்லை. அதே பிடியைப் பிறந்தநாள் பரிசாக வந்த மூன்று லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டால் லிட்டருக்கு 16, 17 கிராம். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் அந்தக் கிண்ணம் பாதிக் கடல். உள்ளே இருக்கும் ஒற்றைத் தங்கமீன் என்ன செய்யும்?

அடுத்து, ‘வாரம்’ என்ற சொல். எனக்குப் பெரிய பயமே அதில்தான். உப்பு ஆவியாகாது. சாம்பார் அடுப்பில் கொதித்துச் சுண்டச் சுண்ட உப்பு ஏறுவதைச் சமைக்கிற எல்லோரும் அறிவார்கள், மின்விசிறிக்குக் கீழே மூடியில்லாமல் இருக்கும் தொட்டியிலும் மெதுவாக நடப்பது அதேதான். சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு விரல்கணக்கில் தண்ணீர் இறங்கும். குறைந்ததை ஊற்றி நிரப்புகிறோம், உப்பு அப்படியே உள்ளே இருக்கிறது, அதன் மேல் இந்த வாரத்துப் பிடியையும் போடுகிறோம். உப்பை வெளியே எடுக்க ஒரே வழி தொட்டித் தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டு உப்பில்லாத தண்ணீர் விடுவதுதான். ஃபில்டர் எடுக்காது, கரி போட்டாலும் எடுக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 45 லிட்டர் தொட்டி, வாரம் 50 கிராம், தண்ணீரை மாற்றாமல் குறைந்ததை மட்டும் நிரப்பி வருகிறார்கள் (பாதி வீடுகளில் நடப்பது இதுதான்). எட்டு வாரத்தில் 400 கிராம், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம். ஒழுங்காக வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுபவர்களும் தப்பவில்லை. போடுவதும் எடுப்பதும் சமமாகிற இடத்தில் தொட்டியில் 200 கிராம் வரை நிற்கும், லிட்டருக்கு நாலரை கிராமை ஒட்டி. வெள்ளைப்புள்ளி நோய்க்கு இரண்டு வாரம் மட்டும் கொடுக்கிற அளவைவிட அதிகம் இது, வருடம் முழுக்க.

அந்த 9 கிராம் என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பும் தோராயமாக அதே அளவுதான். ஆற்று நீரிலோ ஏரி நீரிலோ லிட்டருக்கு அரை கிராம்கூடப் பெரும்பாலும் இருக்காது. உடம்புக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு என்பதால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் மீனுக்குள் இடைவிடாமல் புகுந்துகொண்டே இருக்கிறது. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே அபூர்வம், குடிக்காமலேயே நிறைகிறது. நிறைவதை வெளியேற்றச் சிறுநீரகம் ஓயாமல் வேலை செய்து நீர்த்த சிறுநீராகக் கழிக்கிறது, அதோடு கொஞ்சம் உப்பும் போய்விடுகிறது, போன உப்பைச் செவுளில் இருக்கும் தனி செல்கள் வெளித் தண்ணீரிலிருந்து இழுத்துச் சேர்க்கின்றன. இதற்கெல்லாம் சக்தி செலவாகிறது. நன்றாக இருக்கும் மீனுக்கு இது பெரிய காரியமில்லை, பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. ஆனால் செதில் உரிந்திருந்தால், செவுள் புண்பட்டிருந்தால், பாலித்தீன் பையில் பல மணி நேரம் ஆட்டம் கண்டு வந்திருந்தால், அப்போது வெளியே கொஞ்சம் உப்பு இருப்பது அந்த வேலையைக் குறைக்கும். மீன் குஞ்சுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது பண்ணைக்காரர்கள் தண்ணீரில் உப்பு சேர்ப்பது இதனால்தான், அதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை.

ஆனால் வெளியே உப்பு ஏறி ஏறி 9 கிராமைத் தொட்டுவிட்டால் உள்ளேயும் வெளியேயும் சமம், அதையும் தாண்டினால் கதை தலைகீழ். அப்போது மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகும். தண்ணீருக்குள் இருந்துகொண்டே மீன் வற்றிப்போகும். கொடுவா, மடவை மாதிரி முகத்துவாரத்து மீன்களுக்கு இரண்டு பக்கமும் சமாளிக்கும் உடம்பு இருக்கிறது. தங்கமீனுக்கு இல்லை.

உப்பு போட்டதும் மீன் பளபளவென்று ஆகிவிட்டது என்று பலர் சொல்வார்கள். கவனித்துப் பார்த்தால் உண்மைதான், மேலே ஒரு மினுமினுப்பு தெரியும். அது ஆரோக்கியத்தின் பளபளப்பு இல்லை, உப்பு தோலை உறுத்துவதால் மீன் கூடுதலாக வழவழப்பைச் சுரக்கிறது. நோய்க் காலத்தில் அந்தச் சுரப்பு நல்லது, ஒட்டுண்ணியை வழித்துக்கொண்டு போகும். தினமும் உறுத்தி உறுத்திச் சுரக்க வைப்பதில் என்ன நன்மை என்று எனக்குப் புரியவில்லை.

இனி, உப்பு எங்கே உண்மையாகவே வேலை செய்யும் என்பதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உப்பே வேண்டாம் என்று இன்னொரு பெட்டி போட்டுவிடுவீர்கள்.

வெள்ளைப்புள்ளி நோய்தான் முதலாவது. கடைக்காரர்கள் ஒயிட் ஸ்பாட் என்பார்கள். மீன் மேல் ரவை தூவியது மாதிரி புள்ளிகள், கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு விருட்டென்று ஓடும். நம் ஊரில் இது கோடையில் அதிகம் வராது, ஐப்பசி மழை பிடித்து இரவில் தண்ணீர் குளிரத் தொடங்கும்போது வரும், இல்லையென்றால் ஏ.சி. அறையில் வைத்த தொட்டியில் வரும். கண்ணுக்குத் தெரியும் அந்தப் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை உப்பும் அதைத் தொடாது, கடையில் தரும் மருந்தும் தொடாது. கொழுத்ததும் மீனை விட்டு விழுந்து, அடியில் கல்லோடு ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்திப் போய் ஓரிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், பிடிக்கவில்லையென்றால் செத்துவிடும். உப்பு கொல்வது இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டும்தான்.

இது புரிந்துவிட்டால் எப்படிப் போடுவது என்பது தானே விளங்கும். லிட்டருக்கு 2 கிராம், பெரும்பாலான மீன்களுக்கு அதிகபட்சம் 3. நம்முடைய 45 லிட்டர் தொட்டிக்கு 90 கிராம். அதை ஒரே தடவையில் கொட்டாமல் 30, 30 கிராமாக அரை நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் போட வேண்டும், ஒவ்வொரு தவணையையும் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு சொம்பில் கரைத்து, ஏர் பம்ப் குமிழ் வருகிற இடத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் புள்ளி உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று தண்ணீரை மாற்றிவிடுகிறார்கள். உதிர்ந்த புள்ளி கீழே கல்லில் பெருகிக்கொண்டிருக்கிறது, அடுத்த வாரம் இரண்டு மடங்காக வரும். தண்ணீர் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக ஓடி முடியும், மழைக்காலத்தில் மட்டும் அதற்கு ஒரு ஹீட்டர் தேவைப்படலாம். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ஏர் பம்பை நிறுத்தக் கூடாது. நடுவில் தண்ணீர் மாற்றினால் எடுத்த தண்ணீருக்கான உப்பை மட்டும் சேர்க்க வேண்டும்: பத்து லிட்டர் எடுத்தால் 20 கிராம். ஆவியாகிக் குறைந்ததை நிரப்பும்போது ஒரு கல்கூடப் போடக் கூடாது.

கரைத்து ஊற்றச் சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் கண்ணால் பார்த்தது. கடையிலிருந்து வந்தவுடன் கல்லுப்பை அப்படியே தூவுகிறார்கள். தங்கமீன் ஓடிவந்து, தீனி என்று நினைத்து ஒரு கல்லை வாயில் வாங்குகிறது, ஒரு நொடி, துப்புகிறது, திரும்ப வந்து இன்னொன்றை வாங்குகிறது. அடியில் மேய்கிற சக்கர் மீன் நகராமல் படுத்திருக்கும் இடத்திலேயே கல் விழுந்து கரைந்தால் அதன் வயிற்றுத் தோல் அந்த இடத்தில் சிவந்துவிடுகிறது. தொட்டி முழுக்கக் கணக்குப் போட்டால் உப்பு குறைவுதான், கல் கரைகிற அந்த ஒரு அங்குலத்தில் குறைவில்லை.

இரண்டாவது இடம் புதுத் தொட்டி. இது பலருக்குத் தெரியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டரில் வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட் ஆக்குகிறது. புதுத் தொட்டியில் முதல் வகை வளர்ந்து, இரண்டாம் வகை இன்னும் வளராத சில வாரங்கள் நைட்ரைட் ஏறி நிற்கும். செவுளில் உப்பை இழுக்கும் செல்கள் என்றேனே, அவை உப்பில் உள்ள குளோரைடு என்று நினைத்து நைட்ரைட்டையும் இழுத்துவிடுகின்றன. அது ரத்தத்தில் போய், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ரத்தமே பழுப்பாகிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கும். தண்ணீரில் குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு உள்ளே நுழைய இடம் கிடைக்காது. சாப்பாட்டு உப்பில் எடைக்கு 60 சதவீதத்துக்குச் சற்று மேல் குளோரைடு, அதனால் லிட்டருக்கு 0.2 கிராம் போட்டாலே 120 மில்லிகிராம் குளோரைடு கிடைத்துவிடும், வீட்டுத் தொட்டிக்கு அது நல்ல காப்பு. நம் தொட்டிக்கு 9 கிராம், இரண்டு சின்ன ஸ்பூன்கூட இல்லை. பிடி எங்கே வந்தது?

ஆனால் ஒன்று. அம்மோனியாவுக்கு உப்பு ஒன்றும் செய்யாது. மேலே வந்து வாய் திறக்கும் மீனைப் பார்த்ததும் உப்பைத் தேடி ஓடுபவர்கள் முதலில் கால்பங்கு தண்ணீரை மாற்றட்டும், அன்று தீனியை நிறுத்தட்டும்.

மூன்றாவது, கையாளும்போது பட்ட சின்னக் காயங்கள், புதிதாக வாங்கிவந்த மீனைச் சில நாள் தனியே வைத்திருக்கும் தொட்டி, இவற்றுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் போதும். வெளி ஒட்டுண்ணிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 30 கிராம் வரை கரைத்த வாளியில் சில நிமிடம் மட்டும் முக்கி எடுக்கும் முறையும் உண்டு, ஆனால் அது பக்கத்திலேயே நின்று மீன் சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பழகாதவர்கள் செய்ய வேண்டாம், செய்தித்தாளைப் பார்த்துச் செய்யவே வேண்டாம், என் கடிதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் யாருக்கு ஆகாது என்ற பட்டியல். வீட்டுத் தொட்டிகளில் எல்லாம் கலந்துதான் இருக்கும், ஒரு ஜோடி மோலி, நாலு நியான் டெட்ரா, அடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கரோ இரண்டு கோரிக் கெளுத்தியோ, மூலையில் ஒரு கொத்து நீர்ச்செடி. மோலிக்கு உப்பு பிடிக்கும், கடலோர உவர் நீரில் வாழும் இனம், பழக்கினால் கடல் நீரிலேயே இருக்கும். கப்பியும் ஓரளவு தாங்கும். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்மையான, உப்பே இல்லாத தண்ணீர் மீன். கோரி, லோச் வகைகளுக்கு லிட்டருக்கு ஒரு கிராமைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். உப்பு தாங்காத செடியாக இருந்தால் இலை கரைய ஆரம்பிக்கும், நத்தை ஓட்டுக்குள் போய் மூடிக்கொள்ளும். மோலி துள்ளுவதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அடுத்த வாரப் பிடியைப் போடுவார்கள். செடி வைத்த தொட்டியாக இருந்தால் நோய்வந்த மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருத்துவம் பார்ப்பது உத்தமம். வெள்ளைப்புள்ளி என்றால் எல்லா மீனையும் மாற்றிவிடலாம், மீனே இல்லாத பெரிய தொட்டியில் அந்த ஒட்டுண்ணி ஓரிரு வாரத்தில் பட்டினியாகவே தீர்ந்துவிடும்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, உங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை: நாம் ஊற்றுகிற தண்ணீர். சென்னையில் நிறையப் பேர் தொட்டியில் விடுவது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர். குளித்தால் தலைமுடி கம்பியாகிறது, பக்கெட்டில் வெள்ளைப் படலம், குழாயில் உப்புப் பூத்து அடைக்கிறது என்று புலம்புகிறோம். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்த கதை பல பத்தாண்டுப் பழையது, தெற்கே கடற்கரையோரம் போனால் சில தெருக்களில் வாயில் வைக்க முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரக்குறியீட்டில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடு மட்டும் 250, வழியில்லாவிட்டால் 1,000. உங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 1,200 என்று மீட்டர் காட்டினால் லிட்டருக்கு 1.2 கிராம் ஏற்கெனவே கரைந்திருக்கிறது என்று பொருள். அது முழுக்கச் சாப்பாட்டு உப்பு இல்லை, சுண்ணாம்பும் மெக்னீசியமும் சேர்ந்தது, ஆனாலும் குளோரைடு 250 இருந்தால் புதுத் தொட்டி நைட்ரைட்டுக்கு வேண்டிய காப்பு நீங்கள் உப்பு டப்பாவைத் திறக்கும் முன்பே கிடைத்துவிட்டது. ஆவியானதை அதே போர் தண்ணீரால் நிரப்பி நிரப்பி, ஒரு வருடம் கழித்து மீட்டரை நனைத்தால் 1,200 எங்கேயோ போயிருக்கும். தொட்டியின் மேல் விளிம்பிலும் மூடியின் அடியிலும் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள், விரலால் சுரண்டினால் பொருபொருவென்று உதிரும். அந்தக் கோடு உள்ள தொட்டிக்கு உப்பு போடச் சொல்கிறவர் அந்தத் தொட்டியைப் பார்த்ததில்லை.

சில நூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் உப்புக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அது.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரையே தொட்டிக்கும் விடுகிறவர்கள். அதில் டி.டி.எஸ். 40, 50 தான் இருக்கும், தங்கமீனுக்கும் கப்பிக்கும் மோலிக்கும் அது போதாது. உடனே தாது சேர்க்கிறேன் என்று கல்லுப்பைப் போடுகிறார்கள், மீட்டரில் எண் ஏறுகிறது, திருப்தி. ஏறியது சோடியமும் குளோரைடும். மீனுக்கு எலும்பு, செதில், முட்டை வளர்ச்சிக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் கல்லுப்பில் பேருக்குத்தான் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரோடு போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே இரண்டு வீட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது, செலவும் இல்லை. மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத்துக் குழாய் நீர்) வருகிறவர்கள் பாக்கியவான்கள், ஓர் இரவு ஏர் பம்ப் ஓடவிட்டு குளோரினைப் போக்கிவிட்டு ஊற்றலாம். உப்பு குளோரினைப் போக்காது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். குளோரினைப் போக்க கடையில் தருகிற ஆன்டி-குளோரின் படிகம் பார்க்கக் கல்லுப்பு மாதிரியே இருக்கிறது, அதனால் வந்த குழப்பம் என்று நினைக்கிறேன். இரண்டு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள், குறிப்பாக டப்பா சமையலறையில் இருந்தால்.

எந்த உப்பு என்று கேட்பவர்களுக்கு: அக்வேரியம் சால்ட் என்று அழகான பையில் பல மடங்கு விலைக்கு விற்பதும் சோடியம் குளோரைடுதான், தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பும் அதுதான். கல்லுப்பில் கொஞ்சம் மண் இருக்கும், சொம்பில் கரைத்துப் பத்து நிமிடம் தெளியவிட்டால் அடியில் பழுப்பாகப் படியும், மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும். அயோடின் சேர்த்த உப்பு மீனைக் கொல்லும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. தொழிற்சாலையில் உப்பில் சேர்ப்பது கிலோவுக்குச் சுமார் 30 மில்லிகிராம் அயோடின். லிட்டருக்கு 3 கிராம் உப்பு போட்டால் வரும் அயோடின் 0.09 மில்லிகிராம், கடல் நீரில் இயற்கையாக இருப்பதும் ஏறக்குறைய அந்த வரிசைதான். இரண்டு வாரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. தூள் உப்பு கட்டியாகாமல் இருக்கச் சேர்ப்பதும் அதேபோல அற்ப அளவு. கல்லுப்பு கிடைக்காத இரவில் மீன் சாகக் கிடந்தால் தாளிப்புக்கு வைத்திருக்கும் தூள் உப்பையே எடையிட்டுப் போடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பேதி உப்பு மட்டும் வேறு, அது மெக்னீசியம் சல்பேட். வயிறு ஊதி மலம் கழிக்காமல் கிடக்கும் தங்கமீனுக்கு உதவும், வெள்ளைப்புள்ளிக்கும் நைட்ரைட்டுக்கும் உதவாது. இந்துப்பு, வாசனை போட்ட குளியல் உப்பு என்று வாங்கிப் பரிசோதனை செய்யாதீர்கள்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எனக்குப் பக்கத்தில்தான் கொளத்தூர், நாட்டிலேயே வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடங்களில் ஒன்று. தலைமுறையாகத் தொட்டி கட்டி இனப்பெருக்கம் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள், எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு என்று தண்ணீரை நாக்கில் தொட்டே சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பையில் மீனைக் கட்டிக் கொடுக்கும் பையனுக்கு அதை விளக்க நேரமில்லை, உப்பு போடுங்க சார் என்று நாலு சொல்லில் முடித்துவிடுகிறான். வாங்கிப்போகிறவர் எத்தனை லிட்டர் தொட்டி என்று கேட்டுச் சொல்லாதவரை அவனும் என்ன செய்வான்? நாலு சொல்லுக்கு மேல் சொல்ல உங்களிடம் அரைப்பக்கம் இருந்தது, அங்கேயும் அதே நாலு சொல்தான் வந்தது. அதுதான் வருத்தம்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அதே அளவில் ஒரு பெட்டி போடுங்கள். நோயில்லாத தொட்டிக்கு உப்பு வேண்டாம், நோய் வந்தால் தொட்டியின் லிட்டரைக் கணக்கிட்டுத் தராசில் நிறுத்துப் போடுங்கள், குணமானதும் தண்ணீர் மாற்றி எடுத்துவிடுங்கள் என்று. பிடி, கை, சிட்டிகை எதுவும் வேண்டாம், கிராம் என்று போடுங்கள். தராசு இல்லாத வீட்டுக்கு, சின்ன ஸ்பூனைத் தலைதட்டி அளந்தால் தூள் உப்பு சுமார் 5, 6 கிராம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் வாரப்பிடி போட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டாம், அது இன்னும் ஆபத்து. உப்பேறிய தண்ணீருக்குப் பழகிய மீனைத் திடீரென்று நல்ல தண்ணீரில் விட்டால் தண்ணீர் உள்ளே பாய்ந்து தாங்காது. உப்பு போடுவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு உப்புக் குறைந்த தண்ணீர் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் இருப்பதில் முக்கால்பங்கு மிஞ்சும், ஐந்து தடவையில் முதலில் இருந்ததில் கால்பங்குக்கும் கீழே வந்துவிடும். ஃபில்டர் பஞ்சை அந்த நாட்களில் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
பெரவள்ளூர், சென்னை.